பிழை 'விட்டால்' ஏன் ஆங்கிலத்தில் பிழை?

கொக்குவில்காரி கேட்டது:

வணக்கம். பகலில் தாதி வேலை, பின்னேரம் ஐஈஎல்ரிஎஸ் (ஆங்கிலத் தேர்ச்சிச் சோதினை) ரியூசன் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். போன கிழமை எழுதிக் கொடுத்த கட்டுரையில் சேர் நான்கு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் 'கொலொகேஷன்' என்று ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பித் தந்தார். விளக்கம் கேட்கப் போனால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து இருந்துவிட்டார்கள்.

வட்டம் விழுந்தவை இவை: 'ஐ டிட் எ பிக் மிஸ்ரேக்', 'ஷி செட் எ லை', 'த பேஷன்ற் டிராங்க் த ரேப்லற்ஸ்', 'ஐ சோ எ பாட் ட்ரீம்'.

காலம் சரி, எழுவாய் சரி. பிறகென்ன பிழை? 'உருவாக்கினால் மேக், வேலை என்றால் டூ' என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு உதவவில்லை. வாட்டில் ஒவ்வொரு காலையும் படுக்கை விரிக்கிறேன், அதற்கு 'மேக் த பெட்' என்கிறார்கள். கட்டிலை உருவாக்கினது தச்சன் அல்லவா? இதற்கு ஏதாவது உருப்படியான விதி இருக்கிறதா?

சுன்னாகம் மாஸ்ரர்:

பிள்ளை, கொலொகேஷன் என்றால் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சோடி சேரும் என்ற வழக்கம். அதற்கு விதி இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. அது உம்முடைய ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

நாங்கள் கனவைக் 'காண்கிறோம்', அதனால் உமக்கு 'சோ' வந்தது. ஆங்கிலத்தில் 'ஹாட் எ ட்ரீம்'. பொய்யைச் 'சொல்கிறோம்', அதனால் 'செட்' வந்தது. பொய்க்கும் உண்மைக்கும் 'ரெல்' தான். மருந்தைக் 'குடிக்கிறோம்', அதே வாய்ப்பழக்கத்தில் குளிசையும் குடிபட்டுவிட்டது. வாயால் உட்கொள்ளும் எந்த மருந்தானாலும் 'ரேக்' என்று எழுதும். நல்ல காலம், 'குளிசை போட்டார்' என்பதை நினைத்து 'புற்' என்று எழுதாமல் விட்டீர்.

இன்னொன்று. கடையில் விற்கும் 'அடிக்கடி விடும் பிழைகள்' மாதிரிப் புத்தகங்கள் பல தமிழ்நாட்டுப் பிள்ளைகளை நினைத்து எழுதினவை. அங்கே 'தப்புப் பண்ணிட்டேன்', எங்களுக்கு 'பிழை விட்டிட்டன்'. ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை, 'மேட் எ மிஸ்ரேக்'. அங்கே ஜோக் அடிப்பார்கள், நாங்கள் பகிடி விடுவோம். ஒரு முறை வகுப்பில் ஒரு பெடியன் 'ஹி லெஃப்ற் எ ஜோக்' என்று எழுதினான். ஒரு சென்னை ஆசிரியருக்கு அது எங்கேயிருந்து வந்தது என்றே விளங்கியிருக்காது. எனக்கு உடனே விளங்கியது. (அவன் இப்போது லண்டனில் கணக்காளர், பகிடி இன்னும் விடுகிறான்.)

எல்லாவற்றிலும் மோசமானது எங்களுடைய 'ஓடு'. கார் ஓடுவோம், பஸ் ஓடுவோம், சைக்கிளும் ஓடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எப்படி வந்தீர் என்று அதிபர் ஆங்கிலத்தில் கேட்டார். 'ஐ ட்ரோவ் மை பைசிக்கிள், சேர்' என்றேன். அந்த மனிசன் யன்னலால் எட்டி என்னுடைய பழைய ரலி சைக்கிளைப் பார்த்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், எத்தனை கியர் என்று கேட்டார். இரண்டு பக்கமும் காலைப் போட்டு இருந்து ஓட்டுவது 'ரைட்', உள்ளே இருந்து சுக்கான் பிடிப்பது 'ட்ரைவ்' என்று அன்று படித்தேன். மோட்டார் சைக்கிளும் 'ரைட்' தான்.

தேத்தண்ணி ஊத்துவதும் இப்படித்தான். 'போர் ரீ' என்றால் தேத்தண்ணிச் சாடியில் இருக்கும் ரீயைக் கோப்பையில் ஊற்றுவது மட்டும். தண்ணீர் கொதிக்க வைத்துச் சாயம் போடுவதிலிருந்து 'மேக் ரீ'.

உம்முடைய படுக்கை விசயத்துக்கு வருகிறேன். 'மேக் த பெட்', 'டூ த டிஷஸ்' இரண்டும் அப்படியே ஊறிப்போன சோடிகள். பிரித்து நியாயம் கேட்டால் மறுமொழி வராது. 'வாழைக்குலை' என்கிறோம், 'மாங்குலை' என்றால் சிரிப்பார்கள். அது மாதிரித்தான்.

செய்யவேண்டியது இது. 'மேக்' என்று தலைப்புப் போட்டு நாற்பது சொல்லைப் பாடமாக்காதேயும், இரண்டு நாளில் கலங்கிவிடும். கொப்பியில் பெயர்ச்சொல்லைத் தலைப்பாகப் போடும். உதாரணமாக 'எக்ஸாம்': கீழே ரேக், சிற், பாஸ், ஃபெயில். உம்முடைய வாயில் வரும் தமிழ் வினையையும் பக்கத்தில் எழுதி வெட்டிவிடும். சோதினை 'எடுப்பது' தற்செயலாகப் பொருந்துகிறது, 'எழுதுவது' பொருந்தாது. 'ரைற் அன் எக்ஸாம்' பிழை.

இதை அலட்சியம் செய்யாதேயும். ஐஈஎல்ரிஎஸ் ரைற்றிங்கில் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், கால்வாசிப் புள்ளி. 7ஆம் பாண்டுக்கான (புள்ளிப் படிக்கான) விபரத்தில் கொலொகேஷன் என்ற சொல்லே வருகிறது.

ஸ்கார்பரோ வடமராட்சியான்:

மாஸ்ரர், மன்னிக்கவேண்டும், ஒரு சின்னத் திருத்தம். கனடாவில் 'ரைற் அன் எக்ஸாம்' சாதாரணப் பேச்சு. என்னுடைய மகள் அப்படித்தான் சொல்கிறாள், அவளுடைய வாத்தியார்மாரும்.

சுன்னாகம் மாஸ்ரர்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். 'பிழை' என்று அடித்துச் சொன்னது என்னுடைய பிழை. ஆனாலும் பிள்ளை, சோதினையில் 'ரேக்' என்றே எழுதும், எந்த நாட்டுக்காரர் திருத்தினாலும் வட்டம் விழாது. 'டிசிஷன்' என்றால் 'மேக்' போடும். 'ரேக்' என்று பிரித்தானியரும் சொல்வார்கள், அமெரிக்கர் காதுக்கு அது கொஞ்சம் இடறும்.

லாச்சப்பல் அண்ணை:

தங்கச்சி, ஆங்கிலத்தோடு நிற்கிறீர், சந்தோசப்படும். பிரெஞ்சில் மேக்குக்கும் டூவுக்கும் சேர்த்து 'ஃபேர்' என்று ஒன்று இருக்கிறது. வந்த புதிதில் அப்பாடா என்று இருந்தது. பிறகு பார்த்தால் இவர்கள் கனவையும் 'செய்கிறார்கள்'. நாங்கள் காண்கிறோம், ஆங்கிலேயன் வைத்திருக்கிறான், இவன் செய்கிறான்.

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு பழைய கட்டுரைகளை எடுத்து மாஸ்ரர் சொன்னபடி கொப்பி போட்டேன். 'நொய்ஸ்' பக்கத்தில் 'சத்தம் போடு' என்று எழுதி வெட்டி, 'மேக்' என்று போட்டேன். 'லீவு போடு' வெட்டி, 'ரேக்'. வேலையிடத்தில் ஒவ்வொரு நாளும் தேவைப்படும் ஒன்றில் மட்டும் நிற்கிறேன்: 'காய்ச்சல் காயுது'. காய்வதற்கு என்ன போடுவது?

சுன்னாகம் மாஸ்ரர்:

'ஹாவ் எ ஃபீவர்' என்று எழுதும். 'ரன் எ ஃபீவர்' என்றும் சொல்வார்கள். சைக்கிளில் விட்ட 'ஓடு' இங்கே வந்து சேர்ந்துவிட்டது.