ஸ்டீல்ஸைத் தாண்டினால்: எல்லை வீதியில் எங்கள் அனுபவங்கள்

டெனிசன் வாசி:

ஸ்டீல்ஸ் அவெனியூவோடு உங்களுக்கு இருக்கும் அனுபவங்களை இங்கே எழுதுங்கள். வாகன நெரிசலைப் பற்றிக் கேட்கவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீதிக்கு இந்தப் பக்கம் இருந்ததால் என்ன கிடைத்தது, அந்தப் பக்கம் போனதால் எது கைவிட்டுப் போனது என்பதைத்தான் கேட்கிறேன்.

ஊருக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரொறன்ரோ நகரத்தின் வடக்கு எல்லை இந்த வீதிதான். 1954 இல் மெற்றோ ரொறன்ரோ உருவானபோதும் எல்லை இதுவே. 1998 இல் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ எல்லாவற்றையும் ஒரே நகரமாக இணைத்தபோதும் எல்லை இதைவிட்டு நகரவில்லை. வடக்கே கிழக்குப் பாதியில் மார்க்கம், மேற்குப் பாதியில் வோன்; இரண்டும் யோர்க் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. வீதியைப் பராமரிக்கும் பொறுப்பு ரொறன்ரோ நகரசபையுடையது. எனவே வடக்குக் கரையில் குடியிருப்பவர், வீதியில் பள்ளம் விழுந்தால் தான் ஒருபோதும் வாக்களிக்காத ஒரு நகரசபையிடம் போய் முறையிட வேண்டும்.

நம்மவர்கள் 1983 க்குப் பிறகு வந்து சென் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் இறங்கினார்கள். பிறகு ஸ்காபரோவில் நிலைகொண்டார்கள். அதன் பிறகு வீடு வாங்குவதற்காக ஸ்டீல்ஸைத் தாண்டினார்கள். அதனால்தான் அண்ணன் ஸ்காபரோவின் மல்வேர்னிலும் தங்கை மார்க்கத்திலுமாக எத்தனையோ குடும்பங்கள் இந்த வீதியின் இரு கரையிலும் இருக்கின்றன. பழகிய கோவிலும் கடையும் தமிழ் பேசும் வைத்தியரும் தெற்கே, பேரப்பிள்ளைகள் வடக்கே.

முதலில் என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். நாங்கள் மக்கோவன் வீதியில், டெனிசனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அம்மா ஸ்காபரோவுக்குக் கோவிலுக்கோ கடைக்கோ போய்த் திரும்பும்போது ஸ்டீல்ஸ் சந்தியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார். அங்கிருந்து வீடு ஒரு கிலோமீற்றர் தூரம். ஒரு கையில் முருங்கைக்காயும் கீரையும் நிறைந்த பை, மறு கை நடைபாதையோரக் கம்பி வேலியில். வழுக்கலில் விழுந்துவிடாமல் இருக்க அந்த வேலியைப் பிடித்துப் பிடித்தே வருவார். வீட்டுக்குள் வந்ததும் கையுறையைக் கழற்றினால் விரல்கள் வெளிறிப்போய் இருக்கும். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் அவர் நடக்கவில்லை. நான் பஸ் அட்டையில் பணம் நிரப்பித்தான் கொடுத்திருந்தேன். "ஏறின பஸ்ஸும் அதேதான், இருக்கிற கதிரையும் அதேதான், பிறகு எதற்கு இன்னொரு காசு?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

ஓய்வுபெற்ற சாரதி:

தம்பி, உங்கள் அம்மாவை நான் ஏற்றியிருக்கவும் கூடும். அவரைப் போன்ற எத்தனையோ பேரை அந்தச் சந்தியில் இறக்கிவிட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கதையின் மறுபக்கத்தை நான்தான் எழுத வேண்டும்.

தெற்கே இருந்து வடக்கே போகும் பஸ்களை ஓட்டினேன். ஸ்டீல்ஸைத் தாண்டினால் இரண்டாவது கட்டணம் என்பது விதி. வடக்கே இறங்குபவர்கள் முன் கதவால் வந்து, சாரதிக்கு முன்னால் காசைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆகவே எல்லைக்கு முந்திய கடைசித் தரிப்பிடத்தில் பாதிப் பஸ் எழுந்துவிடும். தொழிற்சாலைச் சப்பாத்துப் போட்டவர்கள், புத்தகப் பை சுமந்த கல்லூரிப் பிள்ளைகள், சேலைக்கு மேல் கனமான குளிர்ச்சட்டை போட்ட அம்மாமார். அவர்கள் இறங்கி நடந்து வீதியைக் கடப்பார்கள். நான் சிவப்பு விளக்கில் நிற்பேன். பச்சை விழுந்ததும், அவர்கள் விட்டுப்போன வெற்று இருக்கைகளோடு அவர்களையே முந்திக்கொண்டு போவேன். ஜனவரி மாதத்தில் அந்தச் சந்தியில் வீசும் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்ணாடியில் பார்த்தால், தலையைக் குனிந்தபடி வரிசையாக வந்துகொண்டிருப்பார்கள். என் வேலையில் நான் மனதார வெறுத்தது இந்த ஒன்றைத்தான்.

ஒருமுறை ஒரு பெரியவர் பஸ்ஸில் தூங்கிவிட்டார். ஸ்டீல்ஸ் போய்விட்டது. அடுத்த தரிப்பிடத்தில் விழித்துக்கொண்டு பதறியபடி முன்னால் வந்தார். "தம்பி, ஒரு தரிப்பிடம்தானே கூட வந்தேன்" என்றார். அவருடைய கை சட்டைப்பைக்குள் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தது. "இறங்குங்கள் ஐயா, பார்த்துப் போங்கள்" என்று சொன்னேன். விதிப்படி அது சரியில்லை. இன்னொரு நாள் அப்படி நடந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இதைப் போல இன்னொரு அநியாயமும் இருந்தது. யோங் வீதியில் ஃபின்ச் சுரங்க ரயில் நிலையத்துக்கு வந்த யோர்க் பிராந்திய பஸ்கள், ஸ்டீல்ஸுக்குத் தெற்கே நெடுங்காலம் ஆட்களை இறக்கின, ஏற்றவில்லை. இடம் இருக்கும் பஸ் கண்ணுக்கு முன்னால் போகும், தரிப்பிடத்தில் நிற்பவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

2024 பெப்ரவரி 26 ஆம் திகதி மாகாண அரசின் ஒரே கட்டணத் திட்டம் தொடங்கியது. ஒரே அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் ரொறன்ரோ பஸ்ஸிலிருந்து யோர்க் பஸ்ஸுக்கு மாற மேலதிகக் காசு இல்லை. எல்லையைத் தாண்டினாலும் இல்லை. அப்போது நான் இன்னும் வேலையில் இருந்தேன். தொடங்கிய வாரத்தில் நடந்ததுதான் எனக்கு மறக்காது. எல்லோரும் பழக்கத்தில் ஸ்டீல்ஸில் எழுந்தார்கள். "இருங்கள், இருங்கள், இனிக் காசு இல்லை" என்று தமிழில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன், சீன அம்மாமாருக்குக் கையால் காட்டினேன். சிலர் நம்பாமல் இறங்கியே போனார்கள். ஓர் அம்மா மட்டும் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கும்போது, "நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்" என்று என்னை வாழ்த்தினார். திட்டம் போட்டது நான் அல்ல. ஆனாலும் அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.

மிலிக்கன் இரவு வேலை:

நான் இறங்கி நடந்தவர்களில் ஒருவன், அண்ணா. வேலை முடியும்போது விடியப்போகும் நேரம். ஸ்டீல்ஸில் 353 இலக்க இரவு பஸ் மட்டும் ஓடும். கென்னடி வீதிக்குக் கிழக்கே ரயில் கடவை இருந்த காலத்தில், தடை இறங்கினால் பஸ் அங்கேயே நிற்கும், மாற வேண்டிய மற்ற பஸ் போய்விடும். இப்போது வீதியைத் தண்டவாளத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்தச் சுரங்க வழி எனக்கு எத்தனை நித்திரையைத் திருப்பித் தந்திருக்கிறது என்பதை அதைக் கட்டியவர்கள் அறிய மாட்டார்கள்.

சலூன் அக்கா:

பஸ்ஸைப் பற்றி அண்ணா எழுதிவிட்டார். நான் 2020 கொரோனா முடக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் சலூன் ஸ்டீல்ஸுக்கு வடக்கே, என் தங்கையின் சலூன் தெற்கே. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். நவம்பர் 23 அன்று ரொறன்ரோவையும் பீல் பிராந்தியத்தையும் முடக்கினார்கள். சலூன்கள் மூடப்பட வேண்டும், உணவகங்களுக்குள் இருந்து சாப்பிட முடியாது, துணிக்கடைகள் வாசலில் வைத்துத்தான் பொருளைக் கொடுக்கலாம். யோர்க் பிராந்தியத்துக்கு அந்தக் கட்டளை இல்லை. தங்கை தன் கடையைப் பூட்டினாள். நான் என் கடையைத் திறந்தேன். அன்று காலை பத்து மணிக்குள் தொலைபேசி அடித்து ஓயவில்லை. பேசியவர்களில் பாதிப்பேர் தங்கையின் வாடிக்கையாளர்கள், குரலை வைத்தே எனக்குத் தெரியும்.

உங்கள் பிராந்தியத்தை விட்டு வெளியே போகாதீர்கள் என்று சுகாதார அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீல்ஸ் சந்தியில் நின்று பார்த்தால் அந்த அறிவுரை எவ்வளவு வெறுமையானது என்று புரியும். தெற்குப் பக்கக் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம் வெறிச்சோடிக் கிடந்தது. வடக்கே பசிபிக் மோல் பக்கமும் மற்றக் கடைகள் பக்கமும் வாகனம் விட இடம் தேடி அலைந்தார்கள். நோயைத் தடுப்பதற்காகப் போட்ட கட்டளை, இரண்டு பக்கத்து மக்களையும் ஒரு பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. மூடுவதென்றால் இரண்டு பக்கமும் மூடியிருக்க வேண்டும். இதை நான் அப்போதும் சொன்னேன், வருமானம் வந்துகொண்டிருந்தபோதே சொன்னேன்.

தங்கையிடம் கேட்டேன். "அக்கா, என்னுடைய ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். யாரிடமோ போவதைவிட உங்களிடம் வரட்டும்" என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர், முகக்கவசம், நாற்காலிக்கு நாற்காலி மருந்து போட்டுத் துடைத்தல் என்று மூன்று வாரம் ஓடியது. டிசம்பர் 14 அன்று யோர்க்கும் முடக்கப்பட்டது, நானும் பூட்டினேன். அந்த மூன்று வாரத்தில் தங்கையின் ஆட்கள் தந்ததைத் தனியாக எழுதி வைத்திருந்தேன். அதை அவளுடைய கடை வாடகைக்குக் கொடுத்தேன். வாங்க மறுத்தாள். அம்மா தலையிட்டுத்தான் வாங்கச் செய்தார்.

முதல் வீடு:

சலூன் அக்கா எழுதியதைப் படித்தபின் என் கதை சிறியதாகத் தெரிகிறது. இருந்தாலும் வீடு பார்க்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

ரொறன்ரோவுக்குள் வீடு வாங்கினால் மாகாணத்தின் நிலமாற்று வரியோடு நகரத்தின் நிலமாற்று வரியும் கட்ட வேண்டும். 2008 இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஒரு மில்லியன் டொலர் வீட்டுக்கு மாகாண வரி 16,475 டொலர். ரொறன்ரோவின் வரியும் அதே அளவு. ஆகவே தெற்கே 32,950, வடக்கே அதில் பாதி. முதல் வீடு வாங்குபவர்களுக்கு மாகாணம் 4,000 டொலர் வரைக்கும் நகரம் 4,475 டொலர் வரைக்கும் கழித்துக் கொடுக்கின்றன. கழித்த பிறகும் வித்தியாசம் பன்னிரண்டாயிரம் வருகிறது. மனைவியும் நானும் இரண்டு பக்கமும் வீடு பார்த்தோம். ஒரே மாதிரி வீடு, ஒரே விலை. கணக்குப் போட்டதும் வடக்கே போய்விட்டோம். இது வீடு விற்பனை முகவர்கள் எல்லோருக்கும் தெரியும். சிலர் கடைசியில்தான் சொல்கிறார்கள். முதல் நாளே கேளுங்கள்.

வடக்கே வந்ததும் கற்றுக்கொண்டவை வேறு. மார்க்கத்தில் குப்பையை உள்ளே இருப்பது தெரியும் பையில்தான் வைக்க வேண்டும். பனி வண்டி தெருவைத் தள்ளிவிட்டுப் போகும்போது நம் வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பளவுக்கு ஒரு வரப்புக் கட்டிவிட்டுப் போகும். ஸ்காபரோவில் இருந்தபோது அந்த வரப்பையும் நகரசபையின் வண்டியே தள்ளிக் கொடுத்தது. இங்கே முதியவர்களுக்கும் இயலாதவர்களுக்கும் மட்டும் உதவித் திட்டம் இருக்கிறது, மற்றவர்கள் சவளைத் தூக்க வேண்டியதுதான். அந்த வரப்பு மேலே பனி, உள்ளே ஐஸ்கட்டி. வேலைக்குப் போகும் அவசரத்தில் அதை உடைப்பவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

மல்வேர்ன் ஐயா:

எல்லாவற்றையும் படித்தேன். வடக்கே போன பிள்ளைகளைக் குறைசொல்லவில்லை. ஆனால் தெற்கே தங்கியவர்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நகரத்தின் ஓரத்தில் இருப்பவனுக்கு எதுவும் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. மேற்கே பாருங்கள், 2017 டிசம்பரில் சுரங்க ரயில் ஸ்டீல்ஸையும் தாண்டி வோனுக்குப் போய்விட்டது. கிழக்கே டாப்ஸ்கொட் வீதியைத் தாண்டினால் ஸ்டீல்ஸ் நீண்ட காலமாக இரண்டு தடங்களாக ஒடுங்கித்தான் கிடந்தது.

இப்போது ஸ்டீல்ஸுக்குக் கொஞ்சம் தெற்கே, ஸ்டெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்கு நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துத் தமிழரும் வந்து போக வேண்டிய இடம் அது. வாகனம் ஓட்டாத முதியவர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்தப் போகிறவர்கள். மார்க்கத்திலிருந்து ஓர் அம்மா அங்கே எத்தனை பஸ் மாறி வருவார் என்று யாராவது கேட்டீர்களா?

டெனிசன் வாசி:

ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. கட்டணம் ஒன்றாகிவிட்டது, ஆனால் பஸ் வழித்தடங்களும் நேர அட்டவணைகளும் இன்னும் இரண்டு நிறுவனங்களின் மேசைகளில்தான் தயாராகின்றன. ஒரே கட்டணம் வந்தபோது என் அம்மாவின் நடை குறைந்தது. சமூக மையத்துக்கு வடக்கிலிருந்து நேரடி பஸ் வந்தால் என்னைக் கேட்காமலே போய் வருவார்.

ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் நகரசபைத் தேர்தல் ஒரே நாளில்தான் நடக்கிறது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் இரண்டு பக்கத்தாரும் ஒரே மூன்றைக் கேட்போம்: ஸ்டெயின்ஸ் வீதிக்கு மார்க்கத்திலிருந்து நேரடி பஸ், ஸ்டீல்ஸின் இரு கரையிலும் இடைவெளி இல்லாத நடைபாதை, எல்லைச் சந்திகளில் காற்றுத் தடுப்புள்ள தரிப்பிடங்கள். தரிப்பிடம் இல்லாத சந்தி எது, நடைபாதை அறுந்துபோகும் இடம் எது என்று சந்தியின் பெயரோடு கீழே எழுதுங்கள். மக்கோவன் முதல் மார்க்கம் வீதி வரை நான் நடந்து பார்த்து எழுதித் தருகிறேன். கென்னடிக்கு மேற்கே யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.