போலி ஜர்னல் விளையாட்டு: நடத்தியவர்கள், ஆடியவர்கள் அனுபவம் சொல்லுங்க

கல்லூரி நூலகர், மதுரை
காசு வாங்கிக்கொண்டு, சரிபார்க்காமலே கட்டுரை வெளியிடும் போலி ஜர்னல் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசினால் ஆய்வு மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் சீட்டு விளையாட்டாக மாற்றினோம். மேசைக்கு ஒரு கட்டு: ஜர்னல் முகப்புப் பக்கங்கள், முதலாண்டு மாணவருக்கே 'மாண்புமிகு பேராசிரியரே' என்று வரும் மின்னஞ்சல், ஆசிரியர் குழு, கட்டண விவரம். நல்லதும் போலியும் கலந்துதான் இருக்கும்.

முதல் சுற்றில் எல்லாரும் கில்லாடிகள். 'மூன்று நாளில் அக்செப்டன்ஸ்' சீட்டைச் சிரித்துக்கொண்டே தூக்கி எறிந்தார்கள். இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு சீட்டைச் சேர்த்தோம்: 'அடுத்த மாதம் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்க வேண்டும். கைடு பேப்பர் கேட்கிறார்.' எறிந்த சீட்டையே சிலர் திரும்பத் தேடி எடுத்தார்கள்! போலி என்று தெரியாமல் எடுக்கவில்லை, தெரிந்தேதான். பிஹெச்டிக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லேயே எடுத்துவிட்டது. கேட்கிற வழக்கம் மட்டும் பல இடங்களில் போகவில்லை.

ஆய்வு மாணவி, வேதியியல்
நாங்க ஆடினது தலைகீழ். நாமே போலி ஜர்னல் நடத்தி ஆள் பிடிக்கணும். எங்க அணி ஒரு பழைய அச்சு ஜர்னலோட பெயர், ஐஎஸ்எஸ்என்ங்கிற அடையாள எண் ரெண்டையும் அப்படியே திருடிப் புது வெப்சைட் போட்டுச்சு. எதிரணி ஸ்கோபஸ்ங்கிற ஜர்னல் தரவுத்தளத்தில் பெயரைத் தேடினாங்க, இருந்துச்சு, நம்பிட்டாங்க. பதிப்பாளரோட சொந்தத் தளம் எதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோணல. நிஜத்திலும் இந்தத் திருட்டு நடக்குது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கிற ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் இதுக்குன்னே ஒரு பட்டியல் வெச்சிருக்கு.

உதவிப் பேராசிரியர், உயிரியல்
நான் வகுப்பில், அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹனன் இதழ்களைச் சோதிக்க எழுதிய போலிக் கட்டுரையைக் கொடுப்பேன். வேண்டுமென்றே ஓட்டையாக எழுதிய புற்றுநோய் மருந்து ஆய்வு. 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. இந்தச் சோதனை பற்றிய அவருடைய செய்தியை 2013-ல் சயின்ஸ் இதழ் வெளியிட்டது. எண்களைச் சொல்லாமல், 'நீங்கள்தான் ரெவ்யூவர், பத்து நிமிஷம்' என்பேன். மருந்து கொடுத்த செல்களுக்குக் கொடுத்த கதிர்வீச்சை ஒப்பீட்டுச் செல்களுக்குக் கொடுக்கவே இல்லை என்பதை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். பிறகு எண்களைச் சொன்னதும், 'இதையா 157 பேர் விட்டார்கள்?' என்று அவர்களே கேட்பார்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். தரமான ஜர்னல்கள் என்று தானே வெளியிட்ட கேர் பட்டியலை யுஜிசியே 2025-ல் கைவிட்டுவிட்டதே.

ஆய்வு மாணவி, வேதியியல்
மதுரை சார், அந்த சினாப்சிஸ் சீட்டு ஆட்டத்துக்குக் கைடுகளையும் கூப்பிடுங்க.

கல்லூரி நூலகர், மதுரை
கூப்பிட்டோம்மா. அன்றைக்கு எல்லாருக்கும் மீட்டிங்காம்.