அர்த்தம் தெரியாம சொன்னா மந்திரம் பலிக்குமா?

தத்தமங்கலத்தான்:
அக்கா பையனுக்குப் பூணூல் போட்டா. காயத்ரிக்கு என்ன அர்த்தம்னு குழந்தை கேட்டான். "முதல்ல வாய்ல வரட்டும், அர்த்தம் அப்புறம்"னார் வாத்தியார். எனக்கும் அப்படித்தான் சொன்னா, அந்த "அப்புறம்" இன்னும் வரலை. வாய் அசைஞ்சா மட்டும் போறுமா?

கல்பாத்தி மாமா:
போறும். பதம், கிரமம், ஜடை, கனம்னு வார்த்தையை முன்னும் பின்னும் புரட்டிச் சொல்லி வேதத்தைக் காப்பாத்தினவா அர்த்தத்தை நம்பியா இருந்தா? கேரளத்துல பாஞ்ஞாள் கிராமத்துல 1975 ஏப்ரல்ல நம்பூதிரிகள் 12 நாள் அதிராத்ரம்ங்கற வேத யாகம் பண்ணினா. அதைக் கூட இருந்து பதிவு பண்ணினவர் பிரிட்ஸ் ஸ்டால்னு ஒரு டச்சுக்காரர். மந்திரத்துக்கு அர்த்தம் கிடையாது, விதிதான் உண்டு, பட்சி பாடற மாதிரின்னு அவர் பின்னாடி எழுதினார். ஸாமவேதப் பாட்டுல வர "ஹாவு ஹாவு"க்கு யாராவது அர்த்தம் சொல்லுங்கோ, பார்ப்போம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ஸ்டால் சொன்னது ஒண்ணும் புதுசில்லீங்க மாமா. மந்திரத்துக்கு அர்த்தமே இல்லைன்னு கௌத்ஸர்ங்கற பழங்காலத்துப் பண்டிதர் எப்பவோ சொல்லிட்டாரு. யாஸ்கர், வேதச் சொல்லுக்குப் பொருள் சொல்ற தன்னோட நிருக்தம்ங்கற நூல்ல அதை எடுத்துவெச்சுப் பதிலும் குடுத்துட்டாரு: குருடன் கண்ணுக்குக் கம்பம் தெரியலைன்னா அது கம்பத்தோட குத்தமில்லை. வேதம் ஓதிட்டுப் பொருள் தெரியாதவன் சுமை தாங்குற கம்பம்னும் அதே நூல்ல வருது. நாங்க ஓதற சிவபுராணமும் பொருள் உணர்ந்து சொல்றவங்களுக்குத்தான் சிவபுரம்னு முடியுது.

கல்பாத்தி மாமா:
அது தமிழம்மா, கேட்டாலே பாதி புரியும். எல்லாம் தெரிஞ்சுண்டுதான் சொல்லணும்னா பாதிப்பேர் சந்தியாவந்தனத்தை விட்டுடுவா.

தத்தமங்கலத்தான்:
இப்பவே விட்டாச்சு மாமா!
இந்திரசத்ரு கதையைப் பாருங்கோ. இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேணும்னு த்வஷ்டா யாகம் பண்ணினார். இந்திரசத்ருன்னு அவர் சொன்னது இந்திரனைக் கொல்றவன்ங்கற அர்த்தத்துல. ஸ்வரம், அதாவது சொல்றதோட ஏத்த இறக்கம், தப்பினதுல "இந்திரன் கையால சாகறவன்"னு ஆயிடுத்து. பொறந்த பிள்ளை விருத்திரன் இந்திரன் கையாலயே போனான். அப்போ ஸ்வரம் காக்கறது எதை? அர்த்தத்தைத்தானே?

கல்பாத்தி மாமா:
த்வஷ்டாவுக்கு அர்த்தம் நன்னாத் தெரியுமே! தெரிஞ்சிருந்தும் பிள்ளை போனானா இல்லையா? கதை என் பக்கமாக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
அட, அது சரியான அடிதானுங்க. இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். அமாவாசைத் தர்ப்பணத்துல அயனம், மாசம், திதி, மூணு தலைமுறைப் பேரு எல்லாம் வருதில்லீங்களா? இன்ன நாள்ல இதைச் செய்யறேன்னு முதல்ல சொல்ற சங்கல்பம் அது. வாட்ஸப்புல வந்த பழைய சங்கல்பத்தை ஒருத்தர் அப்படியே படிச்சா, தை பொறந்து உத்தராயணம் ஆனப்புறமும் தட்சிணாயனம்னுதான சொல்லிட்டிருப்பாரு? பொருள் தெரிஞ்சவரு அங்கயே நிறுத்திடுவாரு.

கல்பாத்தி மாமா:
சங்கல்பம் நாம சொல்ற வாக்கியம். அது தெரிஞ்சுதான் ஆகணும், ஒத்துக்கறேன். மந்திரத்துல விடமாட்டேன்.

தத்தமங்கலத்தான்:
அது போறும் மாமா. ஆவணி அவிட்டத்துக்கு அர்த்தத்தோட சங்கல்பம் அச்சடிச்சுக் குடுப்போமா? காசு நான் போடறேன்.

கல்பாத்தி மாமா:
எந்த லிபியிலே? எங்காத்துப் பசங்களுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். தமிழ்ல அடிச்சா நாலு "க"வும் ஒண்ணாயிடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மந்திரம் மலையாள எழுத்துல, அர்த்தம் தமிழ்ல போடுங்க. எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும், தமிழ்ப் பக்கத்தைப் படிச்சுக்கறோம்.