‘ஃபிளாஷ் இன் த பான்’: தங்கமா, துப்பாக்கியா?

மேலூரான்:
ஒரே ஒரு வெற்றிப்படம் கொடுத்துவிட்டுக் காணாமல் போன இயக்குநரை ‘ஃபிளாஷ் இன் த பான்’ என்கிறார்கள். இந்த ஆங்கிலத் தொடர் கலிபோர்னியா தங்க வேட்டையில் பிறந்தது. ஆற்று மணலைத் தட்டில் அள்ளி அலசும்போது பளிச்சென்று மின்னும், எடுத்துப் பார்த்தால் தங்கம்போல் மினுக்கும் வெறும் பைரைட் கனிமம். அந்தத் தட்டுக்குப் பெயரே பான். வேறென்ன சான்று வேண்டும்?

கரிமருந்து:
ஆண்டு உதைக்கிறதே ஐயா. கலிபோர்னியாவில் சட்டர் மர ஆலையருகே தங்கம் அகப்பட்டு அந்த வேட்டைக்கு வித்திட்டது 1848 ஜனவரியில். எல்கானா செட்டில் என்ற ஆங்கில நாடகக்காரர் கவிஞர் டிரைடனைக் கிண்டலடித்து 1687-இலேயே, பானில் மட்டும் மின்னும் பீரங்கி என்று எழுதிவிட்டார்.

சிக்கிமுக்கித் துப்பாக்கியில் குழலின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னக் கிண்ணம்தான் பான். அதில் கொஞ்சம் வெடிமருந்து போட்டு எஃகுத் தகட்டால் மூடுவார்கள். விசையை இழுத்தால் கல் தகட்டை உரசித் திறக்கும். பொறி விழுந்து கிண்ணத்து மருந்து பற்றும். அந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் போனால்தான் குண்டு பாயும். துளையில் கரிக்கசடு அடைத்திருந்தாலோ குழல் மருந்து நமத்திருந்தாலோ வெளியே பளிச், உள்ளே புஸ். துளையைக் குத்தக் கம்பியும் கிண்ணத்தைத் துடைக்கத் தூரிகையும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூடவே வைத்திருந்தார்கள்.

மேலூரான்:
கிண்ணத்தில் மருந்தை இன்னும் கொட்டினால் தீர்ந்தது!

கரிமருந்து:
கெட்டது. துளை மூடும்வரை நிரப்பினால் உள்ளே போன மருந்து திரி மாதிரி வரிசையாக எரியும், வெடி தாமதமாகும். துளைக்குக் கீழேயே நிறுத்த வேண்டும். கிண்ணம் மட்டும் மின்னினாலும் குழலை உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது, பிந்தி வெடிக்கலாம்.

சொல்லாடி:
துப்பாக்கியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் குண்டே பாயவில்லை. அந்த இயக்குநரின் படம் ஓடியதே! பொருள் எப்படிப் பொருந்தும்?

மேலூரான்:
அதனால்தான் தங்கம் என்கிறேன்.

கரிமருந்து:
பைரைட்டில் மட்டும் என்ன கிடைத்ததாம்? தங்கத் தட்டு தந்தது ‘பான் அவுட்’, அதாவது பலன் தருவது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாடி:
பொருள் நகர்ந்துவிட்டது என்பதே என் கட்சி. அன்று ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிப் பலிக்காத முயற்சி. இன்று ஒருமுறை ஜெயித்துத் தொடராதது. முதல் காட்சியிலேயே படுத்த படத்துக்கு இன்று யாரும் இதைச் சொல்வதில்லை.

கரிமருந்து:
விளம்பரம் வானளவு இருந்து படம் படுத்தால்? நான் சொல்வேன்.