பெற்றோர் குழுவில் உங்களால் மறக்க முடியாதது எது? (ஆட்டிசம்)

கிளிஞ்சல்:
அன்றைக்குப் பேச வந்தவர் ஆட்டிசம் உள்ளவர். நடுத்தர வயது. ஹெட்ஃபோனைக் கழற்றாமல், யார் முகத்தையும் பார்க்காமல்தான் பேசினார். பக்கத்தில் என் மகன் "கதவுகள் மூடுகின்றன, கதவுகள் மூடுகின்றன" என்று ஆரம்பித்துவிட்டான். லிஃப்டில் கேட்டது. அதெல்லாம் வெறும் எக்கோலேலியா (கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்வது), கண்டுகொள்ளாதீர்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவரோ பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "தம்பி வெளிய போகணும்னு கேக்குறான், கூட்டிட்டுப் போங்க" என்றார். வராந்தாவுக்கு வந்ததும் பையன் சத்தம் அடங்கிவிட்டது. காதுவரை தூக்கியிருந்த தோள் மெல்ல இறங்கியது. லிஃப்ட் கதவு மூடினால் இரைச்சல் நின்றுவிடும், அவன் கணக்கு அது. முன்பின் பார்க்காத மனிதருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பிள்ளை அப்பா:
உங்களுக்கு நல்ல குழு வாய்த்திருக்கிறது. நாங்கள் போன இடத்தில் இடைவேளையின்போது ஒரு அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தடுப்பூசியாலதான் இப்படி ஆச்சு, சின்னவளுக்குப் போட்டுடாதீங்க" என்றார். அன்று ராத்திரி தடுப்பூசி அட்டையை வைத்துக்கொண்டு என் மனைவி தூங்கவே இல்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயத்தைக் கிளப்பியது எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசி பற்றி 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. அதில் இருந்ததே 12 குழந்தைகள். 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் முதன்மையானவரின் மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, இந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று 2019இல் எழுதினார்கள். எம்எம்ஆர் முதல் ஊசி ஒரு வயதையொட்டிப் போடப்படுகிறது. பெற்றோர் கண்ணில் மாற்றம் படத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த இரண்டாம் வயதில்தான். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றால் மற்றது வந்ததாகத் தோன்றுகிறது. அந்த மாதிரிப் பேச்சைக் குழுவில் அனுமதிக்கவே கூடாது.

அக்கா:
மேலே எழுதிய அண்ணாவுக்கு: ஊசி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பேச்சை அனுமதிக்கக் கூடாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "வயித்துல இருக்கும்போது நீ என்ன பண்ணித் தொலைச்சே?" என்று பாட்டி கேட்டபோது, கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அம்மா நின்றது எனக்குத் தெரியும். தாயிடம் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60களில் மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழி இன்னும் முழுசாகப் போகவில்லை. ஊசியைக் காரணம் காட்டினால் தன் மேல் பழி இல்லை என்று அந்த அம்மா நினைத்திருக்கலாம். அவரை உட்கார வைத்து, நீங்கள் இங்கே எழுதியதை அங்கேயே நிதானமாகச் சொல்லியிருக்கலாமே அண்ணா.

சிறப்பு ஆசிரியை:
என் வகுப்பில் ஒரு பெண் யார் அழுதாலும் "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, ஊதியாச்சு" என்பாள். அவள் விழுந்து அடிபட்டபோது யாரோ சொன்னது. நான் தலைவலியில் கண்ணை மூடியிருந்தபோதும் பக்கத்தில் வந்து அதையே சொன்னாள்.

கிளிஞ்சல், ஒரு நோட்டு போடுங்கள். மகன் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம், அதை முதலில் எங்கே கேட்டான், சொல்வதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, இவ்வளவு போதும். வீட்டில் எல்லோரும், பள்ளியிலும் எழுதட்டும். அர்த்தம் பிடிபட்டதும் "வெளியே போகலாம்" என்று அவன் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிக்கொண்டே எழுந்து நடங்கள். திருப்பிச் சொல்லு என்று கட்டாயப்படுத்த வேண்டாம். கூடவே "வெளியே" என்பதற்கு ஒரு பட அட்டை அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அட்டை கொடுத்தால் பேச்சு வராது என்று யாராவது சொல்வார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்திருக்கிறது. அட்டையை நீட்டினால் முதல் சில வாரம் கையில் என்ன வேலை இருந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கேட்டால் நடக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை வர வேண்டும்.