ஹெட் கேஸ்கெட்டில் எத்தனை ஓட்டை? பழைய டர்போ டீசல் வைத்திருப்பவர்களின் அனுபவம்

ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா (லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110, 300 டிடிஐ டீசல் எஞ்சின்)

வணக்கம். போன மாதம் என் வண்டிக்கு இரண்டாவது முறையாக ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) மாற்றினேன். முதல் முறை பட்டறையில் விட்டுவிட்டு வந்தேன். இந்த முறை நானே உட்கார்ந்து அளந்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

எங்கள் மலையில் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு லேண்ட் ரோவர்தான் கையும் காலும். பழைய சீரிஸ் வண்டிகள் பலவற்றில் ஜப்பான் எஞ்சின் மாற்றிவிட்டார்கள். என்னுடையதில் இன்னும் பிறந்த எஞ்சினே ஓடுகிறது: 2495 சிசி, டர்போ, இன்டர்கூலர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட்.

தாப்பாவிலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போதுதான் முதல் தடவை கேஸ்கெட் போனது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பிளக் வழியாகத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தீர்ந்திருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை. சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும், தண்ணீர் போய்விட்டால் முள்ளை நம்ப முடியாது. எஞ்சின் இழுவை குறைந்து, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இப்போது தண்ணீர் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். பழைய டீசல் வைத்திருக்கும் எல்லாரும் கேஸ்கெட் வாங்குவதற்கு முன்பே இதை மாட்டுங்கள்.

பட்டறையில் ஹெட்டை ஃபேஸ் அடித்து (அடி முகத்தை மெஷினில் சீவிச் சமமாக்கி), புது கேஸ்கெட் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. ஆனதும் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை. மலைக்குளிர் என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு காலை, வண்டியை எடுப்பதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினில் அந்த அழுத்தம் இருக்கக் கூடாது. மூடியை லேசாகத் திருகியதும் புஸ்ஸென்று காற்று. எரிகிற வாயு தண்ணீருக்குள் புகுந்து கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஹெட்டைக் கழற்றினேன். பட்டறையில் போட்ட கேஸ்கெட்டின் ஓரத்தில் மூன்று ஓட்டை. அது தடிமனைக் காட்டும் அடையாளம், ஓட்டை கூடினால் தடிமன் கூடும். அவர்களிடம் கேட்டதற்கு, “டர்போ வண்டி, ஹெட் வேற ஃபேஸ் அடிச்சிருக்கு, தடிமனானதுதான் தாங்கும்” என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி இல்லை.

இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்தைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே நீட்டும். அந்த நீட்டலுக்கு ஏற்றபடிதான் கேஸ்கெட்டின் தடிமன். 0.50 முதல் 0.60 மி.மீ. வரை நீட்டினால் ஒரு ஓட்டை, தடிமன் 1.30. 0.61 முதல் 0.70 வரை இரண்டு ஓட்டை, 1.40. 0.71 முதல் 0.80 வரை மூன்று ஓட்டை, 1.50. நீட்டலைப் பிளாக்கிலிருந்து அளக்கிறோம். ஹெட்டை எத்தனை தடவை ஃபேஸ் அடித்தாலும் அந்த அளவு மாறாது, பிளாக்கை அடித்தால்தான் மாறும். ஹெட்டை அடித்தால் பார்க்க வேண்டியது வேறு: வால்வு எவ்வளவு உள்ளே அமுங்கி நிற்கிறது என்று. அது கெட்டிருந்தால் வால்வு சீட்டை வெட்டிச் சரிசெய்ய வேண்டும், கேஸ்கெட்டைத் தடிமனாக்கி மறைக்கக் கூடாது.

அளந்தது இப்படி. பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டித் துடைத்தேன். காந்தக் காலுள்ள டயல் கேஜை பிளாக்கின் மேல் நிறுத்தி, முகத்தில் பூஜ்ஜியம் வைத்து, முனையைப் பிஸ்டன் மேல் நகர்த்தினேன். மச்சான் கீழே கிராங்கை நீளமான பிடி போட்டு மெல்ல மெல்லத் திருப்பினான். முள் ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்கும். அந்த நின்ற இடம்தான் கணக்கு. பிஸ்டன் பின் போகும் திசையில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும், குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தப்பு எண் காட்டும். எனக்கு வந்தவை 0.54, 0.57, 0.58, 0.55. நாலில் பெரிய எண்தான் முடிவு செய்யும், சராசரி எடுக்கக் கூடாது. ஆக, என் எஞ்சின் கேட்டது ஒரு ஓட்டை. போட்டிருந்தது மூன்று.

0.2 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று கணக்குப் போட்டேன். கம்பெனி அளவு கம்ப்ரஷன் விகிதம் (காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) 19.5. ஒவ்வொரு சிலிண்டரிலும் கூடுதலாக 1.3 சிசி இடம் சேர்ந்தால் அது சுமார் 18.8 ஆக இறங்கும். காலைப் புகைக்கு அது போதும். மாறாக, பிஸ்டன் அதிகம் நீட்டுகிற எஞ்சினில் மெல்லியதைத் தவறிப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் போய் மோதக்கூடும். அது இன்னும் மோசம்.

கசிவுக்கும் தடிமனே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெட்டை இடம் பார்த்து உட்கார வைக்கிற டோவல் என்ற முளை இந்த எஞ்சினில் பிளாஸ்டிக்கில் வந்தது. அது முதல் சூட்டிலேயே உருகி நசுங்கிக் கிடந்தது, யாரும் மாற்றவில்லை. ஒரு போல்ட் ஓட்டையின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து நின்றது. அப்படி இருந்தால் ஸ்பேனர் இறுகியதாகக் காட்டும், ஹெட் இறுகியிருக்காது, சமயத்தில் பிளாக்கே வெடித்துவிடும். ஸ்டீல் டோவல் போட்டேன். ஓட்டைகளைக் காற்றடித்து உலர்த்தினேன். போல்ட் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60 டிகிரி, மறுபடி 60 டிகிரி, நீளமான 140 மி.மீ. போல்ட்டுகளுக்கு மட்டும் இன்னும் 20.

ஹட்டன், இலங்கை (மிட்சுபிஷி டெலிகா வேன், 4டி56 டர்போ எஞ்சின்)

அண்ணே, உங்கள் கணக்கை ஒரு பக்கம் எடுத்து எங்கள் வேனோடு ஒப்பிட்டேன். எங்கள் எஞ்சினில் ஹெட்டுக்குள்ளேயே தனி எரிப்பு அறை இருக்கிறது. ஆகவே ஹெட்டை ஃபேஸ் அடிக்கும்போது அந்த அறையின் வாய் ஹெட் முகத்தோடு எப்படி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டி வந்தது. நான் முதல் தடவை அதைக் கவனிக்கவில்லை. கேஸ்கெட் நல்லது, அளவும் சரி, மூன்றே மாதத்தில் மீண்டும் தண்ணீர் குறைந்தது. பிறகு ஹெட்டைப் பிரஷர் டெஸ்டுக்குக் கொடுத்தபோது வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு. அதற்கு எந்தக் கேஸ்கெட்டும் மருந்தில்லை. முதலில் ஹெட்டைச் சோதித்துவிட்டுக் கேஸ்கெட்டுக்குக் காசு கொடுங்கள்.

ஒரு சந்தேகம்: கடையில் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் தருகிறேன் என்கிறார்கள். டர்போவுக்கு அதுதான் பலம் என்று சொல்கிறார்கள். போடலாமா?

நாமக்கல் (பழைய டர்போ லாரி)

நம்ம லாரி எஞ்சினில் வெட் லைனர், அதாவது சுற்றிலும் தண்ணீர் படுகிற, கழற்றி மாற்றும் சிலிண்டர் குழாய். இங்கே பிஸ்டனுக்கு முன்னால் லைனரைப் பாருங்க. ஒவ்வொரு லைனரும் பிளாக்கை விட்டுக் கொஞ்சம் தூக்கி நிற்கணும், பக்கத்து லைனரோடு சமமாகவும் நிற்கணும். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட்டின் இரும்பு வளையம் இறுகாது. நான் இரண்டு கேஸ்கெட் வீணடித்த பிறகுதான் லேத்காரர் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துக் காட்டினார். லைனருக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டு ஏற்றினோம். அப்புறம் கேஸ்கெட் மேல் பேஸ்ட் தடவுகிற பழக்கம்: கம்பெனி தடவச் சொல்லாத கேஸ்கெட்டில் தடவாதீங்க. காய்ந்த முகத்தில் காய்ந்த கேஸ்கெட்.

ரிங்லெட்

ஹட்டன் தம்பிக்கு: அந்த ஸ்டீல் கேஸ்கெட் நல்ல சரக்குதான், ஆனால் அதற்கு ஹெட்டும் பிளாக்கும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பழைய எஞ்சினில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரித்துக் குழி விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மாட்டினால் அந்த முகத்தை ஸ்டீல் மூடாது. எனக்குப் பிளாக்கை இறக்கி மெஷினுக்கு அனுப்ப மனசில்லை, அதனால் பழையபடி நார் கலந்த கம்பாசிட் கேஸ்கெட்டே போட்டேன். உங்களுடையதில் பிளாக்கும் சேர்த்து வேலை நடக்கிறதென்றால் ஸ்டீல் போடுங்கள், அதன் பிறகு பிஸ்டன் நீட்டலை மறுபடி அளந்து தடிமனைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. டர்போ அழுத்தத்தையும் கேஜ் மாட்டிப் பார்த்துவிடுங்கள். என் வண்டியில் முந்தின சொந்தக்காரர் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் கம்பியைத் திருகி அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தார். அதைக் கம்பெனி அளவுக்கு இறக்கினேன். ஏற்றத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

மாட்டி ஐந்து வாரம் ஆகிறது. இன்று காலை ஆறு மணிக்கு, பனி இறங்கிய கண்ணாடியோடு, ஹோஸை அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போனது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை.