ஷார்ப்பான படமா, உயிருள்ள படமா? எதை அனுப்பலாம்?

அமெச்சூர் புகைப்படப் போட்டிகளில் நடுவராக இருந்தவர்கள், தொடர்ந்து கலந்துகொள்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மழையில் ஓடும் குழந்தைகளை இரண்டு விதமாக எடுத்திருக்கிறேன்; ஒன்றைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒன்று ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400. முகங்கள் தெளிவு, ஆனால் நாய்ஸ் (புள்ளி புள்ளியான சொரசொரப்பு) தெரிகிறது, ஓட்டம் உறைந்துபோய் நிற்கிறது. இன்னொன்று ஐஎஸ்ஓ 100, 1/8 நொடி, கேமராவை அவர்களோடு நகர்த்தி எடுத்தது. ஒரு சிறுமியின் முகம் மட்டும் ஓரளவு தெளிவு, மற்றதெல்லாம் கோடுகளாக இழுபட்டிருக்கும். எனக்கு அதுதான் படம்.

ஜேபெக் கோப்பு, எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பு, பிக்சல் அளவு எல்லாம் சரி, எக்ஸ்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மதிப்பெண்ணில் 'ஃபோகஸ், கூர்மை' என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. வேண்டுமென்றே செய்த மங்கலையும் கை நடுக்கத்தையும் நடுவர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்? அந்த ஒரு முகம் போதுமா? அதை எடிட்டிங்கில் இன்னும் கூர்மையாக்கினால் செயற்கையாகத் தெரியுமோ என்றும் தயக்கம். தலைப்பில் 'ஓட்டம்' என்று சொன்னால் நோக்கம் புரியுமா, அல்லது பல போட்டிகளில் நடுவர்கள் தலைப்பையே பார்ப்பதில்லையா?

இப்படிப்பட்ட படத்தை அனுப்பிப் பார்த்தவர்கள், தேர்வாகாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.